அருவிக்கு மழை, யானைக்கு வறட்சி: முதுகுப்பையோடு தனியாக இலங்கை சுற்றுவோருக்கு

இலங்கையில் அருவியும் பார்க்க வேண்டும், காட்டு விலங்கும் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது மாதக் கணக்கை. அருவி கொட்ட மழை வேண்டும். விலங்கு கண்ணில் பட வறட்சி வேண்டும். புதர் காய்ந்து, சிறு குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வெளியே வந்தால்தான் யானையும் சிறுத்தையும் ஜீப்பில் இருப்பவருக்குத் தெரியும். வறண்ட மார்ச்சில் பம்பரகந்தை அருவிக்குப் போய் பாறையில் ஓர் ஈரக்கோட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. டிசம்பர் மழையில் மின்னேரியா தேசியப் பூங்காவுக்குப் போய் நிரம்பிய குளத்தை மட்டும் படமெடுத்து வருகிறவர்களும் உண்டு.

நல்லவேளையாக இந்தத் தீவில் மழை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பெய்வதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையகத்தின் மேற்குச் சரிவை நனைக்கிறது. மலை அந்த மழையைத் தடுத்துவிடுவதால், மறுபக்கத்தில் காய்ந்த கச்சான் காற்றுதான் வீசும். ஆக, ஓகஸ்டில் கினிகத்தேனை, தலவாக்கலைப் பக்கத்து அருவிகள் பெருக்கெடுத்து ஓடும்போதே மின்னேரியாக் குளத்தில் யானைக்கூட்டம் சேர்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வடகிழக்கு மழை ஊவாப் பக்கத்து அருவிகளான தியலுமை, துன்ஹிந்த போன்றவற்றை நிரப்பிவிட்டுப் போகும். மேற்கிலும் தெற்கிலும் வானம் தெளிந்து, சிங்கராஜ வனத்தில் நடக்கவும் மிரிஸ்ஸக் கடலில் திமிங்கிலம் பார்க்கவும் தோதாக இருக்கும்.

இரண்டுமே ஓரளவு கிடைக்கிற காலம் என்று பார்த்தால் ஓகஸ்ட், அடுத்து ஜனவரி பின்பாதி. ஒக்டோபர், நவம்பர் மாதங்களை மலைநாட்டில் தனியாகச் சுற்றுவதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பிற்பகல் இடிமழை அன்றாட வழக்கமாக இருக்கும். மண்சரிவுக் காலமும் அதுதான். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பின் மீது மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதும் இதே பருவத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. மஞ்சள் நிறத்திலேயே தனி நடையை நிறுத்திவிடுவது நல்லது. செம்மஞ்சள் வந்தால் சரிவில் இருக்கும் மலிவு அறையை விட்டு நகரத்துக்கு இறங்கிவிடுங்கள்.

ஏ4 வீதி என்ற முதுகெலும்பு

காரும் ஓட்டுநரும் வைத்துச் சுற்றுகிறவருக்கு அருவிகள் எங்கிருந்தாலும் ஒன்றுதான். பஸ்ஸில் போகும் தனியாளுக்கு வீதி முக்கியம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, பெரகல, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய போகும் ஏ4 வீதியைப் பிடித்துக்கொண்டால் நாட்டின் உயரமான இரண்டு அருவிகளும் அதன் ஓரத்திலேயே கிடைக்கின்றன. புறக்கோட்டையிலிருந்து புறப்படும் 99ஆம் இலக்க பதுளை பஸ் பெரகல வரை இந்த வீதியிலேயே வந்து, அங்கிருந்து அப்புத்தளைக்கு ஏறிவிடும். வெல்லவாயப் பக்கம் போகிறவர்கள் பெரகலயில் இறங்கி வண்டி மாற வேண்டும். பெலிஹுல்ஓயா தாண்டியதும் மலைச்சுவர் இடப்பக்கம் வரும். ஆகவே கொழும்பிலேயே இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.

முதலில் வருவது குருவிட்டயிலிருந்து உள்ளே போகும் போபத் எல்ல. அரச இலை வடிவில் விழும் 30 மீட்டர் அருவி. அழகுதான், ஆனால் விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும். வழியில் இருக்கிறதே என்று பார்க்கலாம், இதற்காகவே ஒரு நாளைச் செலவிட வேண்டியதில்லை.

பம்பரகந்தை வேறு கதை. 263 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. ஏ4இல் களுபஹன சந்தியில் இறங்கி, ஏறக்குறைய 5 கி.மீ. ஒடுங்கிய ஏற்றப் பாதை. ஓட்டோ கிடைக்கும். நடந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கடைசி 15–20 நிமிடம் பைன் மரங்களுக்கு இடையே ஒற்றையடிப் பாதை. அருவியின் அடியில் இருக்கும் தடாகம் சிறியது, சுற்றிலும் உருண்டு விழுந்த பெரிய கற்கள். காற்று பலமாக இருக்கும் நாட்களில் தண்ணீர் கீழே வருவதற்குள் புகையாய்ப் பறந்துவிடும். முந்தைய இரண்டு நாளில் மேலே மழை இருந்ததா என்று களுபஹனவில் தேநீர் குடிக்கும்போதே விசாரித்துவிட்டு ஏறுங்கள். இந்தப் பாதை தொடர்ந்து மேலேறி ஒஹிய பக்கம் போகிறது. மூடுபனி இறங்கினால் திசை தெரியாத இடம் அது. உள்ளூர் ஆள் இல்லாமல் அந்த மேல்பகுதிக்குப் போகாதீர்கள்.

தியலுமை 220 மீட்டர். வெல்லவாயவிலிருந்து சுமார் 13 கி.மீ., கொஸ்லாந்தைக்குக் கீழே. பஸ்ஸில் இருந்தே முழு அருவியும் தெரியும். எல்லோரும் வருவது கீழிருந்து பார்க்க அல்ல, உச்சிக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் பாறைத் தடாகங்களுக்கு. போக இரண்டு வழி. ஒன்று, அருவியின் அடிவாரத்திலிருந்து மலையைச் சுற்றி ஏறும் பாதை. ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேர ஏற்றம், பாதி தூரம் நிழலே கிடையாது, மானாப்புல் ஆளுயரம் நிற்கும், அதன் விளிம்பு முழங்காலைக் கீறிவிடும். முழுக்காற்சட்டை போடுங்கள். காலை 7 மணிக்குள் ஏறத் தொடங்கினால் வெயிலுக்குத் தப்பலாம். இன்னொன்று, கொஸ்லாந்தையிலிருந்து பூனாகலைப் பக்கமாக ஓட்டோவில் மேலே போய், அங்கிருந்து அரை மணிக்குள் இறங்கிச் சேர்வது. ஏற்றம் பிடிக்காதவர்களுக்கு இரண்டாவது. ஆனால் திரும்பும்போது ஓட்டோ இருக்குமா என்பதைப் போகும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆள் நடமாட்டம் குறைவு, கைபேசி சமிக்ஞையும் விட்டுவிட்டு வரும்.

எல்லயிலிருந்து 6 கி.மீ. கீழே வீதியோரம் இருக்கும் இராவணன் அருவிக்குத் தனியாக வழி சொல்ல வேண்டியதில்லை, பஸ் அதன் முன்னாலேயே நிற்கும். உயரம் 25 மீட்டர்தான், ஆனால் உயிர் குடித்த அருவி. மழை நாட்களில் அதே வீதியில் கரந்தகொல்லப் பக்கம் மண் சரியும். இரவில் போக்குவரத்தை நிறுத்துவதும் உண்டு. அருவியடியில் குரங்குகளும் பையைப் பறிக்கும். பதுளைக்கு அருகே இருக்கும் துன்ஹிந்த 64 மீட்டர், வீதியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. நடை. வழியெல்லாம் கடைகளும் ஆட்களும் இருப்பதால் தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் முதலில் இதில் தொடங்கலாம்.

மேற்குச் சரிவில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. அங்குள்ள ஆறுகளில் பல நீர்மின் திட்டங்களின் பிடியில் இருக்கின்றன. மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு தலவாக்கலை சென் கிளயர் அருவியின் நீரில் பெரும்பகுதி சுரங்கத்துக்குப் போகிறது. பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள். அதே வீதியில் தெரியும் 97 மீட்டர் டெவன் அருவி இன்னும் தன் போக்கில் விழுகிறது. அணைகளுக்குக் கீழே இருக்கும் ஆறுகளில் வானம் பளிச்சென்று இருந்தாலும் தண்ணீர் ஏறும். கித்துள்கலையில் களனி ஆறு உயர்வதும் தாழ்வதும் மேலே மின்நிலையம் ஓடுவதைப் பொறுத்தது. அங்கே குளிக்க இறங்குவதற்கு முன் படகுச் சவாரி நடத்துகிறவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு நேரம் தெரியும்.

தமிழ் பேசுகிறவருக்கு இந்தப் பிரதேசத்தில் ஒரு பெரிய வசதி. பூனாகலை, கொஸ்லாந்தை, அல்துமுல்லை, தலவாக்கலை எங்கும் தோட்டங்களில் தமிழ்தான். கொழுந்து எடுக்கும் அக்காமாரிடம் "மேல் மலையில மழையா அக்கா? காலையில தண்ணி கலங்கி வந்துச்சா?" என்று கேட்டால் எந்தச் செயலியும் தராத பதில் கிடைக்கும். எந்தப் பாதையில் குளவிக்கூடு இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். தேயிலை மலைகளில் குளவிக் கொட்டு அடிக்கடி நடக்கிற ஆபத்து. சிங்களக் கிராமங்களில் "உட வஹினவத?" என்றால் "மேலே மழை பெய்கிறதா?" என்று விளங்கிக்கொள்வார்கள்.

தண்ணீரைப் படிப்பது

அருவிகளில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் உயரமல்ல, தண்ணீர்தான். தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை கொட்டியிருக்கலாம். அந்த நீர் உங்களிடம் வந்து சேர அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். அது வருவதற்கு முன் சில அடையாளங்கள் தெரியும். தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். அருவியின் இரைச்சல் கனத்து ஒலிக்கும். மண்வாசனை அடிக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலே எழுந்து கரையேறுங்கள். பையை எடுக்கிறேன், படம் எடுக்கிறேன் என்று நிற்கிற இரண்டு நிமிடம்தான் ஆபத்து. கரையோரமாக ஓடாமல் மேட்டை நோக்கி ஏறுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு கல்லை அடையாளம் வைப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். இரண்டு விரற்கடை ஏறியிருந்தால் குளியல் முடிந்தது. கூட்டமாக வருகிறவர்களில் யாராவது ஒருவர் கரையில் இருந்து கவனிப்பார். தனியாளுக்கு அந்தக் கல்தான் காவல்.

போகும் வழியில் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தால் கணக்கு இன்னும் கறார். தனியாக இருப்பவர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரைக் கடக்கவே கூடாது. முழங்காலுக்குக் கீழ் என்றால் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை அமுக்கக்கூடாது. ஒரு தடியை மேல்நீர்ப் பக்கம் ஊன்றி, நீரை எதிர்நோக்கி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வையுங்கள். முக்கியமாக, இதே ஓடையைத் திரும்பி வரும்போதும் கடக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இடைப்பருவ மாதங்களான மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையில் இடிமழை பெரும்பாலும் இரண்டு மணிக்குப் பிறகுதான் தொடங்கும். பகல் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் வராது.

பாறை வழுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் கரும்பாசி படலமாகப் படிந்து, கண்ணுக்கு வெறும் கறுப்புப் பாறையாகத் தெரியும். அதில் எந்தக் காலணியும் நிற்காது. வெளிறிய, சொரசொரப்பான, காய்ந்த பாறையில் மட்டும் காலை வையுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடப்பதைவிட, பின்பட்டை உள்ள ரப்பர் அடிச் செருப்பு நல்லது. வெறுங்காலில் வெட்டுப்பட்டால் அந்தக் காயத்தோடு நாலு நாள் பயணம் முடங்கும். இரத்தினபுரிப் பக்கம் எலிக்காய்ச்சலும் உண்டு. எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி காயத்தின் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் உடலுக்குள் போகிறது. காலில் ஆறாத புண் இருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். ஊருக்குத் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எங்கே குளித்தோம் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தியலுமையின் மேல் தடாகங்கள் நீரோடு சுழன்ற கற்கள் குடைந்த குழிகள். சுவர் வழவழப்பானது, செங்குத்தானது. இறங்குவது சுலபம், ஏறுவதற்குப் பிடி இருக்காது. நீர் ஓரடி குறைந்தால் நேற்று ஏறிய இடத்தில் இன்று ஏற முடியாது. ஆகவே எந்தத் தடாகத்தில் இறங்கினாலும் வெளியே வரும் இடத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு இறங்குங்கள். விளிம்பை ஒட்டிய கடைசித் தடாகத்தில் இறங்கவே வேண்டாம். எங்கும் குதிக்காதீர்கள். ஒவ்வொரு வெள்ளத்திலும் கல்லும் மரமும் இடம் மாறுகின்றன, போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் அப்படி இருக்காது. அருவி நேராக விழும் இடத்துக்கு அடியிலும் போகக்கூடாது. நுரை கலந்த நீரில் உடல் மிதப்பது குறையும், நல்ல நீச்சல்காரரும் அங்கே தாழ்ந்துவிடுவார். மேலிருந்து கல் விழுவது தனி.

உள்ளூர்ப் பெண்கள் குறுக்குக்கட்டோடுதான் குளிப்பார்கள். ஆண் பெண் யாராக இருந்தாலும் ஒரு சாரம் (லுங்கி) பையில் இருந்தால் உடை மாற்றவும் துவட்டவும் இரவில் போர்த்தவும் உதவும். கரையில் குடித்துவிட்டு இருக்கும் கூட்டம் கண்ணில் பட்டால் தனியாக வந்தவர் அந்த அருவியை மறுநாள் காலைக்கு ஒத்திவைப்பதே சரி.

அட்டை

ஈரவலயக் காட்டுக்குள் போகிற எவரும் அட்டைக்குத் தப்ப முடியாது. கடியைக் குறைக்கலாம், அவ்வளவுதான். மழை விட்ட ஒரு மணி நேரம் மிக மோசம். பாதையில் நின்று பேசுவது அதைவிட மோசம், நிற்கிற காலடியின் அதிர்வையும் மூச்சையும் உணர்ந்து நாலு பக்கமிருந்தும் வரும். முழங்கால்வரை நெருக்க நெசவுப் பருத்தியில் தைத்த அட்டை உறை சிங்கராஜ வாசலில் வாடகைக்கும் விலைக்கும் கிடைக்கும். காற்சட்டையை உறைக்குள் செருகி, அதற்கு மேல் கட்டுங்கள். காலணியின் விளிம்பிலும் உறையின் மேற்பகுதியிலும் சவர்க்காரத்தைக் காய்ந்த கட்டியாகவே தேய்த்துவிடுவது, அல்லது சித்தாலேப என்ற மூலிகைப் பூச்சைத் தடவுவது நடைமுறை. மழையில் கரைந்துவிடும் என்பதால் ஒரு மணிக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும்.

கடித்துவிட்டால் உப்பு போடவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். மிரண்ட அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். ஒடுங்கிய முனைதான் வாய். நகத்தைத் தோலோடு படுக்கவைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் தள்ளி விடுவியுங்கள், பிறகு தடித்த முனையை. இரத்தம் உறையாமல் இருக்க அது விட்ட சுரப்பால் ஒரு மணி, இரண்டு மணி கசியும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியை மடித்து அழுத்தி ஒட்டுப்பட்டை போட்டால் போதும். சொறிந்தால்தான் புண்ணாகும். வறண்ட வலயத்தில் அட்டைக்குப் பதில் உண்ணி. ஜீப்பை விட்டு இறங்கிப் புல்லில் உட்கார்ந்திருந்தால் இரவு குளிக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி இடங்களைப் பாருங்கள்.

சிங்கராஜவுக்கு மழைச்சட்டையைவிடக் குடை நல்லது. அந்தப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் சட்டைக்குள் மழையைவிட வியர்வை அதிகம் நனைக்கும். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இந்தக் காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். பறவை பார்க்க வருகிறவர்கள் குடாவ வாசலையும், தெனியாயப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பிட்டதெனிய வாசலையும் எடுப்பது வழக்கம். இங்கே பறவைகள் தனித்தனியாக அல்லாமல் பல இனங்கள் கலந்த கூட்டமாக நகரும். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் கலகலப்பு முதலில் கேட்கும், கூடவே கரிச்சான் குரல். கேட்டதும் துரத்திக்கொண்டு போகாமல் அசையாமல் நில்லுங்கள். கூட்டம் உங்கள் தலைக்கு மேலேயே கடந்து போகும். அதன் நடுவே நீல வால்காக்கையும் செம்முகப் பூங்குயிலும் வரும். காலை ஏழு முதல் பத்துக்குள் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

நடந்து போக விடும் பூங்கா

யாலையிலும் உடவளவையிலும் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. ஹோட்டன் சமவெளி அப்படியல்ல, குறித்த பாதையில் நீங்களே நடக்கலாம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், சுற்று சுமார் 9 கி.மீ. சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் அருவி என்று வந்தால் மூன்று மணி நேரம். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி உலக முடிவை வெள்ளைத் திரையாக்கிவிடும். ஆகவே முதலில் உலக முடிவு, அருவி திரும்பும்போது. சுமார் 870 மீட்டர் செங்குத்துப் பள்ளம் அது, விளிம்பில் ஈரப்புல்.

தனியாளுக்குச் சிக்கல் வாசல்வரை போவதில்தான். நுவரெலியாவிலிருந்து 32 கி.மீ., அதிகாலையில் பஸ் இல்லை. தங்குமிடத்தில் முந்திய மாலையே சொல்லி, வேனைப் பங்கு போட்டுப் போகலாம். ஒஹிய நிலையத்திலிருந்து 11 கி.மீ. ஏற்றம், ஓட்டோ பிடிக்க வேண்டும். டித்வாவுக்குப் பிறகு மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்ததால், எந்தப் பகுதிவரை ரயில் ஓடுகிறது என்று கேட்டுவிட்டே இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழும். கையுறையும் காதை மூடும் தொப்பியும் வேண்டும், பத்து மணிக்கு அதே இடத்தில் வெயில் தோலை உரிக்கும். பிளாஸ்டிக் உறைகளை வாசலிலேயே அகற்றச் சொல்வார்கள், உணவை டப்பாவில் கொண்டு போங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் நிற்கும் மரைக்கு (பெரிய மான்) பிஸ்கட் கொடுக்காதீர்கள். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் கொம்பு கொம்புதான்.

ஜீப்பில் பங்கு

பூங்காக் கட்டணம் ஒரே தொகையாகத் தெரிந்தாலும் அது பல துண்டு. ஆளுக்கு நுழைவுக் கட்டணம், குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, மொத்தத்தின் மேல் வரி, அதோடு ஜீப் வாடகை. பங்கு போட்டால் குறைவது குழு, வாகனம், ஜீப் ஆகிய மூன்றும்தான். நுழைவுக் கட்டணம் குறையாது. நால்வர் சேர்ந்தாலே பெரும்பகுதி மிச்சமாகிவிடும். ஆறு பேர் ஏறினால் நடு இருக்கைக்காரர் தலைகளைத்தான் பார்ப்பார், ஆகவே நான்கு பேர் சரியான அளவு. திஸ்ஸமகாராமையிலும் உடவளவையிலும் விடுதிக்காரரிடம் முந்திய நாள் மதியமே சொல்லி வைத்தால் ஆள் சேர்த்துத் தருவார்கள். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். போயா நாளும் (பௌர்ணமி விடுமுறை) நீண்ட வார இறுதியும் வேண்டாம். யாலையில் அன்று சிறுத்தையைவிட ஜீப் வரிசைதான் நீளம். யாலையின் முதலாம் பிரிவை வழக்கமாகச் செப்டெம்பர் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதிவரை மூடிவிடுவார்கள். அந்தக் காலத்தில் வருகிறவர்கள் உடவளவையையோ மின்னேரியாவையோ பார்க்க வேண்டும்.

வண்டி ஏறுமுன் ஓட்டுநரிடம் ஒன்றை மட்டும் பேசி முடியுங்கள். அலைபேசியில் செய்தி வந்ததும் பறந்து போக வேண்டாம், நல்ல குளத்தருகே இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கலாம் என்று. சிறுத்தையைக் காட்டிக்கொடுப்பவை மந்தியும் புள்ளிமானும். மந்தியின் இருமல் போன்ற குரலும் மானின் கூர்மையான ஒற்றைக் கத்தலும் இயந்திரச் சத்தத்தில் கேட்காது. இலங்கையில் சிறுத்தைக்கு மேலே புலியோ சிங்கமோ இல்லாததால் அது பகலிலும் பாறைமேல் படுத்திருக்கும், பொறுமை வீண்போகாது. மே முதல் ஜூலைவரை பாலைப்பழம் பழுக்கும் காலம். யாலையிலும் வில்பத்திலும் கரடியைப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை, பழம் தின்ன மரமேறியிருக்கும். நடந்து போகிறவருக்கு யானைக்கு அடுத்தபடி இந்தக் கரடிதான் ஆபத்து. திடீரென்று எதிர்ப்பட்டால் ஓடாமல் முகத்தை நோக்கிப் பாயும்.

மின்னேரியாவில் ஓகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் சேர்வதற்குக் காரணம் குளம் வற்றும்போது அடியில் முளைக்கும் இளம்புல். மகாவலி நீரைத் திருப்பிவிட்டுக் குளம் நிறைந்திருந்தால் புல் மூழ்கிவிடும், கூட்டம் கவுடுல்லைக்கோ ஹுருலுவுக்கோ போய்விடும். ஆகவே மின்னேரியாவுக்கு என்று முன்பணம் கட்டாமல், ஹபரணையில் அன்று மதியம் யானை எங்கே நிற்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். மூன்றரைக்கு உள்ளே இருந்தால் போதும். உடவளவையில் இந்தத் தேடல் இல்லை, ஆண்டு முழுவதும் யானை தெரியும்.

இலங்கை யானைகளில் பெரும்பாலான ஆண்களுக்கும் தந்தம் கிடையாது. தந்தம் இல்லையே, பெண் யானைதானே என்று கிட்டே போகாதீர்கள். காதை விரித்து, தலையைத் தூக்கி, பிளிறிக்கொண்டு ஓடி வந்தால் பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டி உள்ளே வைத்து, காதை ஒட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்தால் மெய்யான தாக்குதல். கன்னப்பொறியில் ஈரக்கோடு வழிந்தால் மதம், அந்த யானைக்குப் பின்னால் நிற்கக்கூடாது, முன்னாலும் நிற்கக்கூடாது. ஹபரணை, உடவளவை, புத்தள–கதிர்காம வீதிகளில் மாலை ஐந்தரைக்குப் பிறகு நடக்கவோ ஓட்டோவில் போகவோ வேண்டாம். புத்தள வீதியில் யானைகள் வண்டியை மறித்துத் தீனி கேட்கப் பழகிவிட்டன. ஓட்டோவின் துணிக்கூரை எதற்கும் தாங்காது. வறண்ட வலயக் குளங்களில் முதலை உண்டு. ஊரார் குளிக்கும் துறையில், ஊரார் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள்.

பை, பாம்பு, அவசரம்

பெரிய பையை அறையில் விட்டுவிட்டு 20 லீட்டர் பையோடு போங்கள். இரண்டு லீட்டர் தண்ணீர், இரண்டு பொட்டலம் ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்), தலைவிளக்கு, விசில், சாரம், ஒட்டுப்பட்டை, உள்ளே தடித்த குப்பைப் பை ஒன்று நீர் புகாமல் இருக்க. தங்குமிடக்காரரின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், கைபேசி நனைந்தால் அதுதான் மிஞ்சும். எந்த அருவி, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். திரும்பியதும் சொல்லுங்கள், அதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஆறரைக்குள் இருட்டிவிடும்.

பாம்புக்கடியில் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் தடியோடு கட்டி, அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் கிடைக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், ஆகவே மலிவு என்று தரைப்பாயில் படுக்காமல் வலையோடு கட்டிலில் தூங்குங்கள். ஈரவலயச் சருகுக்குள் கிடக்கும் குழிவிரியனுக்கு இந்திய விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் கடி சிறிதாகத் தெரிந்தாலும் வைத்தியசாலையில் தங்கிப் பார்க்க வேண்டும். விறகடுக்கிலும் சருகிலும் வெறுங்கையை வைக்காதீர்கள். குரங்கோ நாயோ கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரத்தால் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

ஓகஸ்டில் ஒன்பது நாள் கையில் இருந்தால்: கொழும்பிலிருந்து கித்துள்கலை, கினிகத்தேனை, தலவாக்கலை என்று மேற்குச் சரிவு அருவிகளுக்கு மூன்று நாள். நுவரெலியாவில் ஒரு இரவு தங்கி ஹோட்டன் சமவெளி, மழை கனத்தால் அதை விட்டுவிடலாம். பிறகு கண்டி வழியாக ஹபரணைக்கு இறங்கி இரண்டு மாலை யானைக்கூட்டம், மிச்ச நாள் திருகோணமலைக் கடல். ஜனவரி பின்பாதி என்றால் ஏ4 வழி: பெலிஹுல்ஓயாவில் தங்கி பம்பரகந்தை, கொஸ்லாந்தையில் தங்கி தியலுமை, பதுளை போய் துன்ஹிந்த, அங்கிருந்து எல்ல, வெல்லவாய வழியாக உடவளவை, கடைசியாக தெனியாயப் பக்கமிருந்து சிங்கராஜ. அருவிகளை முதலில் முடித்துவிடுங்கள். ஜனவரி முடியமுடிய தண்ணீர் குறைந்துகொண்டே போகும், உடவளவை யானைகள் அப்படியே இருக்கும்.